எண் இல்லாத கிண்ணம்

ஒன்பதாம் மேஜையின் எண் மாட்டிய கிண்ணங்கள் இரண்டும் ஜன்னல் பலகையில் வந்து உட்கார்ந்தபோது மதியம் பன்னிரண்டரை இருக்கும். முதல் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். ரொட்டித் துண்டுகள் மொச்சை அளவில் இருந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம் மெல்லிசாக இழுபட்டு, தலைப்பிரட்டைக்கு இருக்கிற மாதிரி ஒரு வால். கிண்ணத்தைத் திரும்பப் பலகையிலேயே வைத்துவிட்டேன். பக்கத்தில் கறி நறுக்கிக்கொண்டிருந்த ஹான், "என்ன மாஸ்டர், கை சுட்டுருச்சா?" என்று கேட்டான். இன்னும் அடுப்பில் ஏற்றாத கிண்ணம் எப்படிச் சுடும்?

எங்கள் பாவ்மோவைத் தெரியாதவர்களுக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். பசியோடு வருகிறவனிடம் ஒரு காலிக் கிண்ணத்தையும், கல் மாதிரி இரண்டு வட்ட ரொட்டிகளையும் கொடுத்து, நீயே உட்கார்ந்து கிள்ளிப் போடு என்கிறோம். அவன் அரை மணி நேரம் கிள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் கிண்ணம் உள்ளே வரும். நான் அதை ஆட்டுக்கறிச் சாற்றில் போட்டு, கண்ணாடிச் சேமியாவும் கறித்துண்டும் சேர்த்து, பெரிய தீயில் தனித்தனியாக வேகவைத்து அனுப்புவேன். போன மாதம் தெற்கிலிருந்து வந்த ஒருத்தன் கைபேசியை நீட்டிக்கொண்டு, "சாப்பிட வந்தவனையே வேலை வாங்குற கடையைப் பாருங்க மக்களே" என்று கூவிக்கொண்டிருந்தான். அவன் ரொட்டியை நாலாய் எட்டாய்ப் பிட்டுப் போட்டு அனுப்பியிருந்தான். மாட்டுக்குக்கூட அப்படிப் போட மாட்டார்கள். இந்த மாதிரி ஆட்களுக்காகவே முதலாளி ஒரு வெட்டு இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறார். அதிலிருந்து தாயக்கட்டை மாதிரி சதுரம் சதுரமாக விழும். அதைச் சமைக்கும்போது எனக்குக் கொட்டாவி வரும்.

ஆனால் எங்கள் சியான் நகரத்துக்காரன் கிள்ளிய கிண்ணம் வேறு. அதில் ஆள் இருப்பான். முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிற இந்தக் கடையில், இந்த ஒரே அடுப்பின் முன்னால் முப்பத்திரண்டு வருடமாக நிற்கிறேன். கூடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழ அகல ஜன்னலும், வாசலில் அழுக்குத் துணித்திரையும். முக்கால்வாசி வாடிக்கையாளர்களின் முகம் எனக்குத் தெரியாது. கிண்ணம்தான் தெரியும். பருத்தி ஆலையில் வேலை பார்த்த ஒரு பெரிய மனுஷர் தேனீத் தலை அளவில்தான் கிள்ளுவார். போன குளிர்காலத்தில் அவர் கிண்ணத்தில் பாதி சின்னதும் பாதி பெரிதுமாக வந்தது. ஒரு கை விழுந்துவிட்டது என்று அவர் வீட்டுக்காரர்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துபோனது. மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வருகிற ஒரு அம்மாளின் கிண்ணத்தில் ரொட்டி தூள் தூளாக இருக்கும். துண்டு சின்னதாக இருந்தால் சாறு குறைய வேண்டும், தீ கூட வேண்டும். பெரிதாக இருந்தால் சாறு நிறைய விட்டு மெதுவாக வேகவிட வேண்டும். இதுதான் என் தொழில். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த வால், என் மகள் யான்லிங்கின் கை.

அவளுக்கு ஒன்பது வயதில் இடது கட்டைவிரல் வெந்துபோனது. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்தவள், ரொட்டி சுடுகிற இரும்புத் தட்டில் கையை ஊன்றிவிட்டாள். அவள் அலறியது எனக்குக் கேட்டது. ஜன்னலில் ஏழெட்டுக் கிண்ணங்கள் வரிசையில் இருந்தன. "சட்டியை விட்டுட்டு எப்படி வர்றது, யாராவது பாருங்க" என்று உள்ளிருந்தே கத்தினேன். யாரோ பார்த்தார்கள். யாரோ தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். விரல் பிழைத்தது, ஆனால் மேல் கணு மடங்கவில்லை. அதனால் அவளால் மற்றவர்கள் மாதிரி கிள்ள முடியாது. விறைத்த விரலால் ரொட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் முறுக்கித்தான் எடுப்பாள். ஒவ்வொரு துண்டுக்கும் வால் வரும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்த வால் வராது.

"ஒன்பது, மாஸ்டர்!" ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஷாவின் குரல் வந்தது. கூடத்தில் பரிமாறுகிறவள் அவள். லின்ஷியா பக்கத்துக்காரி, எங்களை மாதிரி முஸ்லிம்தான், கடைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. நாற்பத்தெட்டு வயதில் வாய் ஓயாத பொம்பளை. "அம்மாவுக்கு ஒரு வாய்ச் சாறு நிக்கிற மாதிரி. பாப்பாவுக்குச் சுத்தி வரக் குளம் மாதிரி."

"பாப்பாவா?"

"ஆமா, ஒரு ஆறு வயசு இருக்கும். ரெண்டு சடை. ரொட்டியக் கிள்ளச் சொன்னா, கடிச்சிக் கடிச்சிப் போடுது. நான் சிரிச்சிட்டேன்." அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக, "அந்தம்மா உங்களக் கேட்டாங்க. ஜியா மாஸ்டர்தான் இன்னும் அடுப்புல நிக்கிறாரான்னு. ஆமா, அவரு எங்க போவாருன்னேன்" என்றாள்.

இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தேன். கோணல்மாணலான பெரிய துண்டுகள். ஒன்றில் பல் தடம் இருந்தது. பால் பல், இத்தனூண்டு அரைவட்டம். எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்பதை நான் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் யான்லிங் சோங்சிங் நகரத்தில் ஒருத்தனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மின்தூக்கி பழுதுபார்க்கிறவன். எங்கள் ஆளில்லை, பள்ளிவாசலுக்கு வரவும் சம்மதிக்கவில்லை. அவன் வீட்டில் 'பெரிய கறி' சமைக்கிறார்கள். பன்றி என்ற வார்த்தையை நாங்கள் வாயால் சொல்வதில்லை. இந்த வாசலை இனி மிதிக்காதே என்று சொன்னேன். அவள் அம்மா லாமெய் மட்டும் எனக்குத் தெரியாமல் அவளோடு பேசிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்த அன்றைக்கே லாமெய்யின் கைபேசி எண்ணை மாற்றிவிட்டேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மகளின் எண் அந்தக் கைபேசிக்குள்தான் இருந்தது. அதன் பிறகு சந்திலிருந்த எங்கள் வீட்டை இடித்தார்கள். நாங்கள் வடக்கே, நகரத்தின் மறு கோடியில், பதினெட்டாவது மாடிக்குப் போய்விட்டோம். புது விலாசம் மகளுக்குத் தெரியாது. என் சொந்தக்காரர்களோ என்னைவிட ஒரு படி மேல், அவள் பெயர் காதில் விழுந்தாலே வாய் கொப்பளிப்பார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே விலாசம் இந்த அடுப்பு.

போன வருடம் லாமெய்க்கு ஈரலில் கட்டி வந்தது. இரண்டு மாதம்தான் தாங்கினாள். படுக்கையில் தினமும் ஒரு தடவை, "யான்லிங்குக்குச் சொன்னீங்களா?" என்று கேட்பாள். நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு நாள், தொல்லை ஓயட்டும் என்று, "சொல்லிட்டேன். வரமாட்டாளாம்" என்றேன். லாமெய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நாலாம் நாள் மதியம் போய்விட்டாள். அப்போதும் நான் இந்த அடுப்பின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ஜனாஸா தொழுகைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. மகள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது, அம்மா சாகக் கிடக்கும்போதுகூட வரவில்லையே என்று. மனுஷனின் பொய் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

முதல் கிண்ணத்தைச் சட்டியில் கவிழ்த்தேன். வால் வைத்த துண்டுகள் சாற்றில் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தீயைக் கூட்டினேன். வெளியே போக வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. போய் என்ன சொல்வது? அம்மா எங்கே என்றுதான் முதலில் கேட்பாள். மகளைக் கூட்டிக்கொண்டு அவள் வந்திருப்பது என்னைப் பார்க்கவா? பாட்டியிடம் காட்ட வந்திருக்கிறாள். நான் வெறும் வழி. இந்தக் கிண்ணம் முடியட்டும், அதற்குள் ஏதாவது தோன்றும் என்று கரண்டியைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஷா எண்ணெய் ரொட்டித் தட்டை ஒன்பதாம் மேஜைக்கு எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்றைக்கு லாமெய்யின் வருஷ நாள். விடியற்காலையிலேயே கடைக்கு வந்து, நானே மாவு பிசைந்து, எண்ணெய் ரொட்டி பொரித்து வைத்திருந்தேன். எங்கள் வழக்கம் அது. செத்தவர்களுக்குச் சோறு படைப்பதில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி எண்ணெய் ரொட்டி பொரித்து ஊருக்குக் கொடுப்போம். வாங்குகிறவர் யாருக்காக என்று கேட்பார். சொல்வோம். அவர் ஒரு நொடி கண்ணை மூடி துஆ செய்துவிட்டு, கத்தி வைக்காமல் கையால் பிட்டுத்தான் சாப்பிடுவார். காலையில் ஷாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். "இன்னைக்கு வர்ற எல்லா மேஜைக்கும் ஒண்ணு வை. யாரா இருந்தாலும் சரி, ஒரு மேஜையும் விடாத."

"ஷா" என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அவள் திரும்பியிருப்பாள். சட்டியில் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கையை எடுத்தால் அடி பிடித்துவிடும் என்பது உண்மைதான். அடி பிடித்தால் என்ன? முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கிண்ணம் அடி பிடித்தால் கோபுரம் சாய்ந்துவிடுமா? நான் கூப்பிடவில்லை. ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, நான் சொல்ல வேண்டியதை வேறு யாரோ சொல்லிவிடப் போகிறார்கள் என்று. இதை இப்போது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கிண்ணங்களையும் முடித்து, கொத்தமல்லி தூவி, இனிப்புப் பூண்டு இரண்டு தலைகளைத் தட்டில் வைத்து ஜன்னலுக்குத் தள்ளினேன். ஷா வந்து எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம் மாஸ்டர், அந்தம்மா ரொம்ப நல்லவங்க. எண்ணெய் ரொட்டியப் பாத்ததும் யாருக்குன்னு முறையாக் கேட்டாங்க. நம்ம ஆளுதான் போல. உங்க சம்சாரம் லாமெய் அக்காவுக்கு, இன்னைக்கு வருஷம்னேன். கையில எடுத்தத அப்படியே வெச்சிட்டு உக்காந்துட்டாங்க. எப்படி, என்னன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாங்க. எல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"நடந்ததத்தான். ரெண்டு மாசம் படுத்த படுக்கையாக் கெடந்தாங்க, பெத்த பொண்ணு ஒருத்தி இருக்காளாம், சொல்லி விட்டும் வரலையாம், இந்தா வர்றா அந்தா வர்றான்னு வாசலையே பாத்துட்டு உசுரு போச்சுன்னேன். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க? அவளெல்லாம் ஒரு பொண்ணான்னேன். அந்தம்மாவும் ஆமான்னு தலைய ஆட்டுனாங்க."

ஹான் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவன் என்னோடு இருபது வருடம் இருக்கிறவன். யான்லிங்கைத் தெரியும், அந்த விரலையும் தெரியும். பலகையில் இருந்த ரொட்டித் துணுக்கு ஒன்றை விரலால் ஒற்றி எடுத்துப் பார்த்தான். அதற்கும் வால் இருந்தது. மறுபடி நறுக்க ஆரம்பித்தான். அன்றைக்கு அவன் கறியை வழக்கத்தைவிட மெல்லிசாக நறுக்கினான்.

பதினான்கு வந்தது. மூன்று வந்தது. வெளியூர்க்காரர்களின் இயந்திரக் கட்டிகள் ஆறு கிண்ணம் சேர்ந்தாற்போல் வந்தன. ஊற்றினேன், தட்டினேன், கவிழ்த்தேன். கால் மணி கழித்து ஒன்பதாம் மேஜையின் கிண்ணங்கள் திரும்பி வந்தன. குழந்தையின் கிண்ணத்தில் கறியெல்லாம் போயிருந்தது, ரொட்டி பாதி மிச்சம். யான்லிங்கின் கிண்ணம் நான் அனுப்பியபடியே இருந்தது. மேலே ஆட்டுக்கொழுப்பு வெள்ளையாக ஆடை கட்டிவிட்டது. அந்த ஆடைக்கு மேலே ஒன்றிரண்டு வால்கள் தெரிந்தன. கழுவுகிற தொட்டியில் கொட்டப்போன ஷாவிடமிருந்து வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"கெளம்பிட்டாங்களா?"

"எங்க! இன்னும் ரெண்டு ரொட்டி கேட்டாங்க, காலிக் கிண்ணமும். உக்காந்து பிக்கிறாங்க."

திரை எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. விலக்கினால் ஒன்பதாம் மேஜை நேரே தெரியும். நான் விலக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஷாவிடம் கேட்டேன்.

"ஒன்பதுல என்ன பண்றாங்க?"

"பிக்கிறாங்க மாஸ்டர்."

மறுபடி கேட்டேன். "இன்னுமா?"

"இன்னும்தான். வெளிய மேஜைக்கு ஆளுங்க நிக்கிறாங்க, முதலாளி மொறைக்கிறாரு. அந்தம்மா நிமிந்தே பாக்கல. அப்பப்ப எங்கிட்ட மட்டும் ஏதாச்சும் கேக்கிறாங்க."

"என்ன கேக்கிறாங்க?"

"எந்த ஊர்ல அடக்கம் பண்ணாங்கன்னு கேட்டாங்க. கிழக்க, மலையடிவாரத்துலன்னேன். போற பஸ் நம்பரு கேட்டாங்க. அப்பறம் ஒண்ணு கேட்டாங்க." ஷா நிறுத்தினாள். அவள் ஒரு பேச்சை நடுவில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. "அந்தப் பொண்ணுக்குச் சொல்லி விட்டது யாருன்னு கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரருதான், நம்ம மாஸ்டர்தான்னேன்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

லாமெய்யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருட நெருப்பில் என் விரல் நுனிகள் மரத்துப்போனவை. ரொட்டியைக் கிள்ளினால் கிள்ளியதே தெரியாது, நசுங்கிப்போகும். ஊருக்கெல்லாம் பாவ்மோ சமைக்கிறவனுக்குத் தன் கிண்ணத்தைத் தானே கிள்ள வராது. அதனால் மதியக் கூட்டம் ஓய்கிற நேரத்தில் லாமெய் வந்து, பின்வாசல் படியில் உட்கார்ந்து எனக்காகக் கிள்ளுவாள். பாசிப்பயறு அளவு. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. முக்கால் மணி நேரம் ஆகும். அதைச் சாறே நிற்காமல் வறளச் சமைத்துச் சாப்பிடுவேன். நல்லா இருக்கு என்று ஒரு நாள் சொன்னதில்லை. அவள் போனதிலிருந்து நான் பாவ்மோ சாப்பிடவில்லை. மதியத்தில் கடைக்கு எதிரே போய் வதக்கிய மாவுக்கட்டி ஒரு தட்டு நின்றபடி விழுங்கிவிட்டு வந்துவிடுவேன். இரவில் வீட்டில் வெந்நீரும் காய்ந்த ரொட்டியும். எல்லாம் பழகிவிட்டது.

ஒன்றே முக்காலுக்கு ஷா வந்தாள். ஜன்னல் வழியாக இல்லை, திரையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள்ளேயே வந்தாள். கையில் ஒரு கிண்ணம். அதில் எண் மாட்டவில்லை.

"இது உங்களுக்காம்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். பாசிப்பயறு அளவு. ஒன்றுக்கும் வால் இல்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. ஒவ்வொரு துண்டிலும் வாலைத் தனியாகக் கிள்ளி எறிந்திருக்க வேண்டும். என் கையில் இருந்தது லாமெய்யின் கை. ஒரு வருடமாக மண்ணுக்குள் இருக்கிற கை.

"யாருக்குன்னு கேட்டதுக்கு, சமைக்கிறவருக்குன்னாங்க. எவ்வளவு சாறுன்னு கேட்டேன், அவருக்குத் தெரியும்னாங்க." ஷா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "போறப்ப அந்தப் பாப்பா திரும்பிப் பாத்துச்சு மாஸ்டர். அந்த நெத்தி, அந்தக் கண்ணு. லாமெய் அக்கா சின்னப் பிள்ளையாகி நடந்து போற மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு... யா அல்லா, எந்த வாயால என்ன சொல்லிட்டேன் நான்! அவ முகத்துக்கு நேராவே சொன்னேனே. அவளும் ஆமான்னாளே."

கிண்ணத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இப்பத்தான் படி இறங்குறாங்க. பாப்பா செருப்பு வார மாட்டிக்கிட்டு இருக்கு. ஓடுங்க மாஸ்டர், சந்து முக்குக்குள்ள புடிச்சிரலாம்."

சட்டியில் இருபத்திரண்டாம் எண் கொதித்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்." ஷா இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். "நீங்க சொல்லி விட்டீங்கல்ல? நெஜமாவே அந்தப் பொண்ணுக்குச் சொல்லி விட்டீங்கல்ல?"

"சட்டி கருகுது" என்றேன். "தள்ளி நில்லு."

அவள் தள்ளி நின்றாள். அப்படியே பின்னால் போய், திரையை விலக்கி, வெளியே போனாள். சட்டி கருகவில்லை. அதில் சாறு நிறையவே இருந்தது. அது அவளுக்கும் தெரியும், ஹானுக்கும் தெரியும். ஹான் கையை நீட்டி, "நான் பாத்துக்கிறேன், போங்க" என்றான். இருபது வருடத்தில் அவன் என் கரண்டியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கொடுக்கவில்லை. அந்தக் கரண்டியை விட்டால் விழுந்துவிடுவேன் என்று இருந்தது. பயம் என்று அதைச் சொல்லலாம். இத்தனை வருடமும் சட்டி, சட்டி என்றதெல்லாம் பயம்தான் போலிருக்கிறது.

இருபத்திரண்டை முடித்தேன். வரிசையில் எட்டு இருந்தது, அதையும் முடித்தேன். அதற்கப்புறம் சட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதுச் சாறு இரண்டு கரண்டி விட்டு, எண் இல்லாத கிண்ணத்தைக் கவிழ்த்தேன். பெரிய தீ. சின்னத் துண்டுகள் ஒரே மூச்சில் சாற்றைக் குடித்துவிடும். மூன்று தட்டு, ஒரு புரட்டு. கை தானாகச் செய்தது. கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு பின்வாசல் படிக்குப் போனேன். லாமெய் உட்காருகிற இரண்டாவது படியை விட்டுவிட்டு மூன்றாவதில் உட்கார்ந்தேன்.

பாவ்மோவைக் கிளறக் கூடாது. ஓரத்திலிருந்து பட்டுப்புழு இலையைத் தின்கிற மாதிரி தின்றுகொண்டே உள்ளே போக வேண்டும். முதல் வாய் வைத்தேன். லாமெய் கிள்ளிய மாதிரியேதான் இருந்தது. அதனால் விழுங்குவது கஷ்டமாக இருந்தது. மகள் என்ன நினைத்து இதைக் கிள்ளினாள்? இனி உனக்குக் கிள்ள ஆள் இல்லை, இதுதான் கடைசி என்றா? இல்லை, அம்மா இருந்தால் செய்திருப்பதை நான் செய்துவிட்டுப் போகிறேன் என்றா? ஒன்றரை மணி நேரம் அந்தத் திரைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வருவேன் என்று ஒவ்வொரு துண்டுக்கும் காத்திருந்திருப்பாள். ஒரு கிண்ணத்தில் எத்தனை துண்டு இருக்கும்? ஆயிரம் இருக்குமா? ஆயிரம் தடவை நான் வரவில்லை.

கிழக்கே போகிற பஸ் முரசுக் கோபுரத்துப் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அதில் அவர்கள் இருந்திருக்கலாம். மலையடிவாரத்தில் கல்லறைகள் ஒன்று மாதிரி ஒன்று இருக்கும். பெயர் பொறித்த கல்லை நான் இன்னும் வைக்கவில்லை. வருஷம் கழியட்டும் என்று விட்டிருந்தேன். இருநூறு மண்மேடுகளுக்கு நடுவில் எது அம்மா என்று அவளுக்கு யார் காட்டுவார்கள்? இதை நினைத்ததும் எழுந்து நின்றேன். கிண்ணம் மடியிலிருந்து சரிந்தது, பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஓரத்தையெல்லாம் தின்று முடித்திருந்த கிண்ணத்தின் நடுவில், பாசிப்பயறுகளுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய துண்டு எட்டிப் பார்த்தது. கோணலாக, கட்டைவிரல் பருமன். பேத்தி தன் அம்மாவுக்குத் தெரியாமல் போட்டிருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் யான்லிங் விட்டிருக்க வேண்டும். நான் கிண்ணத்தைப் பார்க்கும்போது அடியில் கிடந்திருக்கிறது, என் தீ அதற்குப் போதவில்லை. குச்சியால் புரட்டினேன். ஒரு பக்கம் கடித்து எடுத்த அரைவட்டம். அந்தப் பல் தடத்துக்குள்ளே ரொட்டி வேகாமல் வெள்ளையாக இருந்தது.